சாக்ஸபோனை நம்பிப் படிக்க வைக்கலாமா?

உங்கள் மகள் அமெரிக்கச் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸோர்னைக் கேட்டுவிட்டு, 'ஃப்ரீ இம்ப்ரவைசேஷன்தான் படிப்பேன், அமெரிக்காவில்தான் படிப்பேன்' என்கிறாள். எதையும் முன்கூட்டி எழுதிவைக்காமல் அந்தந்த நொடியில் தோன்றியதை வாசிக்கும் இந்த இசையில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் காட்டும் ஆளையே எடுத்துக்கொள்வோம்.

ஸோர்ன் 1953இல் நியூயார்க்கில் பிறந்தவர். செயின்ட் லூயிஸில் கல்லூரியில் இருந்தபோது, ஜாஸ் கலைஞர் ஆந்தனி பிராக்ஸ்டன் பக்கவாத்தியமே இல்லாமல் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த இசைத்தட்டைக் கேட்டுச் சாக்ஸபோனுக்கு வந்தார். படிப்பைப் பாதியில் விட்டார். (மகளுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.) ஆனால் அதற்கு முன்பே அவருக்குப் பியானோ, கிட்டார், புல்லாங்குழல் பழக்கம் இருந்தது; இசையமைப்பும் படித்திருந்தார். 1984இல் அமைத்த 'கோப்ரா' என்ற படைப்பில் ஒரு சுரம்கூட எழுதியிருக்காது. யார் எப்போது நுழைவது, நிறுத்துவது என்பதை ஒருவர் அட்டைகளைத் தூக்கிக் காட்டி நடத்துவார். நேக்கட் சிட்டி குழுவில் ஜாஸும் ஹார்ட்கோர் என்ற முரட்டு ராக் இசையும் சினிமா இசையும் நொடிக்கு நொடி மாறும். மசாடா குழுவில் யூத இசையின் சுர வரிசைகள். 1995இல் ட்ஸாடிக் என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனம். 2005இல் தி ஸ்டோன் என்ற சிறிய அரங்கு. டிக்கெட் பணம் முழுதும் வாசித்தவர்களுக்கு. படைப்பாளிகளுக்குத் தரப்படும் 5 லட்சம் டாலர் மெக்கார்தர் நிதி வந்தது 2006இல், 50 வயதுக்குப் பிறகு. வாசிப்பு மட்டும் அவரை இத்தனை காலம் தாங்கவில்லை. எழுதியதும், எழுதியதை வெளியிடும் வழியைத் தன் கையில் வைத்துக்கொண்டதும் சேர்ந்துதான் தாங்கின.

ஆகவே கல்லூரியிடம் முதலில் கேளுங்கள்: இசையமைப்பு எத்தனை பருவம்? பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் வகைகளைக் கலக்கும் இசைக்கென்றே 1972 முதல் தனித் துறை இருக்கிறது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பிராக்ஸ்டன் 2013 வரை பாடம் எடுத்தார், அங்கேதான் மிருதங்கம் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் கர்நாடக இசை கற்பித்தார்கள். மகளுக்குக் கல்பனா ஸ்வரம் பாட வருமென்றால் அதை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கல்லூரிச் சேர்க்கைக்கு வாசித்து அனுப்பும் ஆடிஷன் பதிவில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். 'ஃப்ரீ' என்றதும் தெரிந்த கீச்சொலி, மல்டிஃபோனிக் (ஒரே ஊதலில் பல சுரம்) அத்தனையையும் மூன்று நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். எது நினைத்து வாசித்தது, எது கைதவறியது என்று நடுவருக்குப் புரியாது. ஒரு பிடியை வாசித்து, அரை நிமிடம் கழித்து அதையே மாற்றிக் கொண்டுவந்தால் புரியும். பயிற்சிக்கு ஒரே சுரத்தை மூன்று நிமிடம் வாசிக்கட்டும். நீளமும் சத்தமும் தொனியும் மட்டும் மாறலாம். பிறகு இன்னொருவரோடு, பேசி வைக்காமல் ஒன்றாக முடிக்கப் பழகட்டும். ஆரம்பிப்பது சுலபம், முடிப்பதில்தான் திணறுவார்கள். ஸ்டாண்டர்டு பாட்டு (ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் பழைய பாட்டு) ஒன்றும் கட்டாயம் வேண்டும், முடிந்தால் நிஜமான பேஸ், டிரம்ஸ் கலைஞர்களோடு. பேக்கிங் டிராக், அதாவது முன்பே பதிவான பின்னணி இசை, அவள் வாசிப்புக்குப் பதில் சொல்லாது.

போனில் பதிவு செய்தால், ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மெல்லியதும் பலத்ததும் ஒன்றாகக் கேட்கும். போன் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும், நேராகக் குழல் வாய்க்கு முன்னால் வேண்டாம். பெரும்பாலான சுரங்களின் ஒலி பக்கத் துளைகள் வழியாகத்தான் வருகிறது. அடுக்குமாடியில் சத்தத்தைக் குறைக்கக் குழல் வாயில் துணியை அடைத்தும் பயனில்லாமல் போவது இதனால்தான். சாதகத்துக்கு வேறு இடம் பாருங்கள். ஊதும் முனையில் பொருத்தும் நாணல் தகடான ரீடு நான்கை மாற்றி மாற்றிப் பழகட்டும். ஒன்றையே தேயவிட்டு ஆடிஷனன்று புதிதைப் போட்டால் கட்டையாக இருக்கும்.

இனி பணம். மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்க முதலாண்டுச் செலவு முழுவதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலைதான். அனுமதி பெறாமல் வெளியே காசு வாங்கிக் கச்சேரி செய்தால் விசா மீறல். நிறையப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. படிப்பு முடிந்ததும், படித்த துறையிலேயே வேலை பார்க்க 12 மாத ஓபிடி அனுமதி கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இசை வாசிப்புப் பட்டத்துக்கு இல்லை. அந்த ஓராண்டுச் சம்பாத்தியத்தை நம்பி வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்.

உதவித்தொகை போதாவிட்டால் ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. நுழைவுத் தேர்வு கடினம், ஜெர்மன் மொழியும் தேவை. ஜெர்மன் வகுப்பில் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.