கோவை குண்டுவெடிப்பும் நம் மறதியும் – கடிதம்

வணக்கம் சார்,

கடலூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன பிப்ரவரி 14 அன்று பத்தாம் வகுப்பில் இன்று என்ன நாள் என்று கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். நாலைந்து பேர் புல்வாமா என்றார்கள். கோயம்புத்தூர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் என் வயதுக்காரர்களுக்கே ஞாபகம் இல்லை, "அத்வானி வந்தப்ப நடந்ததுதானே" என்று ஒருவர் மட்டும் சொன்னார். பஹல்காம் நடந்த வாரம் ஸ்டேட்டஸ் வைக்காத ஆளில்லை, இப்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். இப்படி மறந்து மறந்துதான் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறோமோ? மக்களின் கோபம் ஆறுவதற்குள் அரசு திருப்பி அடிக்க வேண்டும், ஆறு மாதத்தில் தூக்கு என்று ஆக வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசுவதா, வேண்டாமா?

கடலூரிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளில் செத்தவர்கள் 58 பேர், காயம்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல். ஆனால் அந்தக் கோபம் பிள்ளைகள் மேலோ ஸ்டாஃப் ரூம்காரர்கள் மேலோ போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 26 வந்தால் தேவனாம்பட்டினத்தில் கடலில் பாலை ஊற்றிப் பூப்போட்டு அழுகிறார்கள். இருபது வருடம் தாண்டியும் அது நிற்கவில்லை, அதற்கு யாரும் சர்க்குலர் அனுப்பவும் வேண்டியதில்லை, ஏனென்றால் சுனாமியில் போனவர்கள் ஒரே தெருக்காரர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். குண்டு வெடித்துச் சாகிறவர்களுக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. கோவையில் கடைக்கு வந்தவரும், கூட்டம் கேட்க வந்தவரும், அரசு ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டி வெடித்து முப்பது பேர் போல இறந்தார்களே, அதில் பலர் இலங்கைக்காரர்கள். அவர்களுக்காக நம் ஊரில் யார் வருடா வருடம் விளக்கேற்றுவார்கள்? அந்தந்த வீட்டில் திதி கொடுப்பார்கள், அவ்வளவுதான். சாகும் நேரத்தில் ஒரே இடத்தில் நின்றது தவிர வேறு எந்த உறவும் இல்லாதவர்களை ஒன்றாக நினைவு வைத்துக்கொள்ள அரசைத் தவிர யாராலும் முடியாது. அதனால் நான் அரசைத்தான் கேட்பேன்.

உங்கள் மாணவர்களுக்குப் புல்வாமா எப்படி ஞாபகம் இருந்தது? அதுவும் அதே தேதிதான், 2019. இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். அடுத்த வருடமே லெத்போரா முகாமில் அவர்கள் பெயர்களோடு நினைவுச்சின்னம் வந்துவிட்டது, ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். அது சரியான காரியம், கட்டாயம் செய்ய வேண்டியது. இங்கே புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1914-18 போரில் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறந்தது. அவர்களைப் பார்த்த ஒருவர்கூட இன்று ஊரில் உயிரோடு இல்லை, இருந்தும் ஜூலை 14 வந்தால் விளக்கலங்காரமும் மரியாதையும் தவறுவதில்லை. யாரோ ஓர் அதிகாரியின் வேலைப் பட்டியலில் அது இருக்கிறது, அதனால் நடக்கிறது.

58 பொதுமக்களுக்கு என்ன இருக்கிறது? ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மே 21 அன்று அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுப்பார்கள். எல்லாரும் வராந்தாவில் வரிசையாக நின்று, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லி, ஒரு நிமிடத்தில் கலைந்து சீட்டுக்குப் போய்விடுவார்கள். அகிம்சை, சகிப்புத்தன்மை எல்லாம் வரும், நல்ல வாசகங்கள்தான். அதில் செத்த ஒருவர் பெயரும் வராது, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு சேர்ந்து செத்த காவலர்கள், கட்சிக்காரர்கள் பெயர்கூட. பிப்ரவரி 14க்கு அந்த ஒரு நிமிடமாவது உங்கள் பள்ளியில் உண்டா?

அரசு காலியாக விட்ட தேதியைக் கட்சிகள் எடுத்துக்கொள்ளும். கோவையில் அன்றைக்கு அஞ்சலிக் கூட்டம் போடுவது கட்சிகளும் அமைப்புகளும்தான். அப்போது நினைவு பாதியாகிவிடுகிறது. 1997 நவம்பர் கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொலை செய்யப்பட்டதும், அதன்பின் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்ததும் இந்தக் கதையின் முன்பகுதி. அதற்கும் குண்டுவெடிப்புக்கும் சேர்த்துத்தான் நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது. ஒரு தரப்பு 58ஐ மட்டும் சொல்லும், இன்னொரு தரப்பு 18ஐ மட்டும். அந்தக் காவலரையும் 18 பேரையும் 58 பேரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியது அரசுதான். 1997இல் நடந்த எதுவும் 1998ஐ நியாயப்படுத்தாது, இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறு மாதத்தில் தூக்கு என்ற இடத்தில் நான் உங்களோடு இல்லை. 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பைப் பாருங்கள். ஏழு குண்டுகள், 180க்கும் மேற்பட்ட சாவு. 12 பேரைக் குற்றவாளிகள் என்று 2015இல் தீர்ப்பு வந்தது, ஐந்து பேருக்குத் தூக்கு. 2025 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது, வாக்குமூலங்கள் அடித்து வாங்கியவை போலிருக்கின்றன, செல்லாது என்று. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. நீங்கள் சொல்கிற வேகத்தில் நடந்திருந்தால் அந்த ஐந்து பேரையும் எப்போதோ தூக்கில் போட்டிருப்பார்கள். புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள், பத்தொன்பது வருடம் கழித்தும் செய்தது யார் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் யாரையாவது காட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில் விசாரணை நடந்தால் இப்படித்தான் ஆகும். 2008 மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாப் வழக்கில் சாட்சியம் இருந்தது, வக்கீல் வைத்து வாதாட விட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் நாலு வருடத்தில் முடிந்தது.

மறக்காத அரசு எப்படி இருக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. கோவை வழக்கில் தேடப்பட்டு 27 வருடம் தலைமறைவாக இருந்த ஒருவரை 2025 ஜூலையில் தமிழகக் காவல்துறை கர்நாடகத்தில் பிடித்தது. யாரோ அந்த ஃபைலை மூடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். செய்தி இரண்டு நாள் ஓடியது. எனக்கு அது நூறு ஆவேசப் பேச்சைவிடப் பெரிது. இன்னொன்று இலங்கையில் நடந்தது. 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்தியா முன்கூட்டியே எச்சரித்தும் கவனிக்காமல் விட்டதற்காக 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது, காவல்துறைத் தலைவராக இருந்தவரையும் விடவில்லை. குண்டு வைத்தவனைப் பிடிப்பதோடு, தடுத்திருக்க வேண்டியவன் எங்கே இருந்தான் என்றும் கேட்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கேள்வி கேட்டால் தேசத்துரோகி என்பார்கள்.

கடைசியாகப் பிழைத்தவர்கள். 1998இல் இருபது வயதில் கால் போன ஒருவருக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. செயற்கைக் கால் ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் வராது, தேயும், அளவு மாறும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு ஒவ்வொரு தடவையும் பணம் வேண்டும். வெடிச்சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவருக்கு வயதாக ஆகக் காது இன்னும் மோசமாகும். பயங்கரவாதத்தில் குடும்பத்தினரை இழந்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று 2008இல்தான் வந்தது, மூன்று லட்சமாக இருந்து ஐந்து லட்சமானது, அதுவும் ஒரே தடவைதான். பிரான்சில் 1986லேயே இதற்கென்று தனி நிதி ஏற்படுத்திவிட்டார்கள், சொத்துக் காப்பீடு எடுக்கிற ஒவ்வொருவரிடமும் சில யூரோ பிடித்து அதில் சேர்க்கிறார்கள், வருடா வருடம் பட்ஜெட்டில் கையேந்த வேண்டியதில்லை. திருப்பி அடிப்பதைப் பற்றிப் பேசும்போது இதையும் யாராவது பேசியிருக்கிறார்களா?

பிள்ளைகளிடம் கட்டாயம் பேசுங்கள். 1997ஐ விட்டுவிடாமல் பேசுங்கள். கோவையில் இறந்தவர்களின் முழுப் பெயர்ப்பட்டியலையும், காயம்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இன்று வரை ஏதாவது மருத்துவ உதவி போகிறது என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மனுவை வகுப்பிலேயே பிள்ளைகளை வைத்து எழுதி, உங்கள் பெயரில் அனுப்புங்கள். நானும் இங்கிருந்து ஒன்று அனுப்புகிறேன், எது முதலில் வந்தாலும் இந்தத் தளத்தில் பட்டியலை அப்படியே போட்டுவிடுவோம்.