எஸ்.டபிள்யூ.ஆர் 1.1, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கரண்டும் கைபேசியும் போய்க் கிடந்த நாட்களுக்குப் பிறகுதான் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் எடுத்தேன். கையடக்க வாக்கி-டாக்கியான 5 வாட் ஹேண்டி ஒன்று, தூரத்துக்குப் பேச 5 வாட் எச்.எஃப் (சிற்றலை) செட் ஒன்று வைத்திருக்கிறேன். எச்.எஃப் செட்டின் தலையிலேயே மாட்டுகிற 1.2 மீட்டர் விப் (கம்பி ஆன்டெனா). அடியில் காயில், வேறு மேட்சிங் எதுவும் இல்லை. 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் 1.1 காட்டுகிறது. ஆனால் சென்னையில் யாருக்கும் கேட்பதில்லை. ஹேண்டியும் நாலு கிலோமீட்டர் தாண்டினால் கரகரக்கிறது. செட்டில் கோளாறா?

பதில்: செட் நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டரை நம்பியதுதான் தப்பு.

போன சக்தி திரும்பி வருகிறதா என்பதை மட்டுமே எஸ்.டபிள்யூ.ஆர் சொல்லும்; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை. அது வானத்துக்குப் போனதா, வழியிலேயே சூடாகித் தீர்ந்ததா என்பது அந்த மீட்டருக்குத் தெரியாது. மேட்டூரில் திறந்ததெல்லாம் வயலுக்கு வந்து சேராது என்பதைக் கடைமடைக்காரரான உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (சக்தியைச் சூடாக்கியே தீர்க்கும் 50 ஓம் ரெசிஸ்டர்) மாட்டிப் பாருங்கள், 1.0 காட்டும். பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது.

கணக்கைப் பார்ப்போம். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர். முழுக் கால் அலை விப் என்றால் 10 மீட்டர் வேண்டும். உங்களுடையது 1.2 மீட்டர். அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது மொத்தத் தடையில் சக்தியை அலையாக வெளியே அனுப்பும் பங்கு, ஒரு ஓமில் மூன்றில் ஒரு பங்குதான். மீட்டர் 1.1 காட்டுகிறதென்றால் செட் பார்க்கும் மொத்தத் தடை, அது எதிர்பார்க்கும் 50 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிச்சமெல்லாம் காயிலின் நட்டம், தரையின் நட்டம், செட்டைப் பிடித்திருக்கும் உங்கள் உடம்பின் நட்டம். 5 வாட்டில் வானத்துக்குப் போவது சுமார் 30 மில்லிவாட். இதை வைத்துச் சென்னையைக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செட்டின் எர்த்திலிருந்து 5 மீட்டர் வயர் நாலைந்தை ஈர வரப்பில் நாலா பக்கமும் விரித்துப் போட்டு, காயிலை மறுபடி ட்யூன் செய்து பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் 1.1-லிருந்து 2-க்கு ஏறக்கூடும். பதறாதீர்கள், சந்தோஷப்படுங்கள்: நட்டம் குறைந்ததால்தான் மொத்தத் தடை 50-லிருந்து இறங்கியிருக்கிறது. விப்பின் நீளத்தை இரட்டித்தால் கதிர்வீச்சுத் தடை நாலு மடங்காகும். காயிலை அடியிலிருந்து நடுவுக்கு ஏற்றினாலும் கூடும். அதே விப் 28 மெகாஹெர்ட்ஸில் மரியாதையாக வேலை செய்யும். அங்கே கால் அலை இரண்டரை மீட்டர்தான்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது 40 மீட்டரில் சென்னை. அதற்கு விப்பை மறந்துவிட்டு வயர் கட்டுங்கள். பக்கத்துக்கு 10.3 மீட்டர் வீதம் இரண்டு துண்டு சாதாரண வீட்டு வயரிங் வயர், நடுவிலிருந்து செட்டுக்கு இறங்க ஆர்.ஜி-58 கோஆக்சியல் கேபிள். நடுப்பகுதியை 8 மீட்டர் உயரத்தில் தூக்கி, இரண்டு முனைகளையும் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். 7.1-இல் எஸ்.டபிள்யூ.ஆர் இறங்கி வரும்வரை இரு பக்கமும் சமமாக நறுக்குங்கள். இந்தத் தாழ்ந்த உயரமே நமக்கு வசதி: அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னை அதில் அடங்கிவிடும். பகலில் முயலுங்கள். தூக்கிக் கட்டத் தென்னை கிடைத்தால் தேங்காய் பறிக்க வருபவரிடமே கயிற்றைக் கொடுத்துவிடலாம். கஜாவில் தோப்பையே இழந்தவர்களுக்கு மூங்கில் இருக்கிறது. கரண்டு கம்பி ஓடுகிற பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

ஹேண்டியின் கதை வேறு. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 49 சென்டிமீட்டர்தான். ஹேண்டியோடு வரும் குட்டை ஆன்டெனாவான ரப்பர் டக் அதைச் சுருட்டி ஒரு சாண் ஆக்கியிருக்கிறது. முதலில் 49 சென்டிமீட்டர் விப் ஒன்று வாங்குங்கள். அதைவிட மலிவான வைத்தியம், அதே நீளத்தில் ஒரு வயர். ஆன்டெனாவின் அடியில், கனெக்டரின் வெளி உலோகத்தைத் தொடும்படி மாட்டித் தொங்கவிடுங்கள். நடு முள்ளில் படக்கூடாது. ஆன்டெனாவுக்கு இல்லாமல் போன மறுபாதி அதுதான். இடுப்பில் செருகிக்கொண்டு பேசாதீர்கள். உடம்பு சக்தியைத் தின்றுவிடும். செட்டை முகத்துக்கு நேராக, ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்படி பிடியுங்கள்.

மீதியெல்லாம் உயரம்தான். நம் தரை தட்டையானது, ஏறி நிற்க ஒரு குன்றுகூடக் கிடையாது. இரண்டு பேரும் தரையில் நின்றால் தொடுவானக் கணக்கே 10 கிலோமீட்டர்தான். நடுவில் தோப்பு வந்தால் அதுவும் குறையும். இருவரும் 9 மீட்டர் உயர மாடிக்கு ஏறினால் அது 25 கிலோமீட்டர் ஆகிவிடும். பேட்டரியை மாற்றவும் வேண்டாம், வாட்டைக் கூட்டவும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி சத்தம் கேட்டாலே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மாடியில் நின்று ஹேண்டியில் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.