வீட்டு முன்னால் புல்தரை: எந்தப் புல் தாங்கும்? (கேள்வி பதில்)

கோயம்புத்தூர்ப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். வீடுகளுக்குப் புல்தரை போட்டுக் கொடுப்பதும் நம் வேலைதான். "பராமரிப்பே வேண்டாத புல் எது?" என்பதைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு புல் கிடையாது. வேலை குறைவான புல் உண்டு. அதுவும் உங்கள் வீட்டு வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஒத்துப்போனால்தான் வேலை குறையும்.

அண்ணா, வீட்டு முன்னால் 30க்கு 30 அடி சும்மா கிடக்கிறது. நாள் முழுக்க வெயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும். குழந்தைகள் ஓடி விளையாட வேண்டும். (திருச்சி)

அருகம்புல் போடுங்கள். கல்யாணத்தில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவது சும்மா இல்லை. மண்ணுக்கு மேலே ஓடும் கொடி ஒன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டு ஒன்று என்று இரண்டு வழியிலும் பரவும் புல் அது. குழந்தைகள் மிதித்துத் தேய்த்த இடத்தைப் பக்கத்துக் கொடி வந்து மூடிவிடும். மே மாதத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்குப் போனாலும் பயப்படாதீர்கள். உள்தண்டு உயிரோடு இருக்கும், நல்ல மழை ஒன்று பெய்தால் துளிர்த்துவிடும்.

நாட்டு அருகும் இருக்கிறது, நர்சரியில் 'செலக்‌ஷன் ஒன்' என்று விற்கும் மெல்லிய ரகமும் இருக்கிறது. மெல்லிய ரகம் பார்க்க அழகு, ஆனால் அடிக்கடி வெட்டச் சொல்லும். ஞாயிறு மட்டும்தான் நேரம் என்பவருக்கு நாட்டு ரகமே போதும். கார்பெட் போல வராது, கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். பந்து விளையாடும் இடத்துக்கு அந்த முரடு நல்லதுதான்.

மண்ணோடு பெயர்த்துப் பாய் போல விற்கும் புல் விரிப்பை முழுப் பரப்புக்கும் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று கணு உள்ள கொடித் துண்டுகளை நாலைந்து அங்குல இடைவெளியில் நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். ஆகஸ்ட்டில் நடுங்கள். ஐப்பசி மழை கொட்டும்போது வேர் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணோடு சேர்ந்து தெருவுக்குப் போய்விடும். ஒன்று, ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

சார், இரண்டு பக்கமும் மூன்று மாடிக் கட்டிடம். மெக்சிகன் புல் இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் மஞ்சளாகிச் செத்தது. நர்சரியில் உரம் போதவில்லை என்கிறார்கள். (வேளச்சேரி)

உரம் காரணமாக இருக்காது சார், வெயில்தான் போதவில்லை. விடுமுறை நாள் ஒன்றில் மணிக்கொரு தடவை அந்த இடத்தை மொபைலில் படம் எடுங்கள். நேர் வெயில் விழுந்த படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் அருகு வரும். நாலைந்து மணி நேரம் என்றால் அகல இலை உள்ள பஃபலோ புல்லோ, மணிலா புல்லோ முயற்சி செய்யலாம். நிழலைப் பொறுக்கும் என்றாலும் பஃபலோவுக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதை இரண்டு இரண்டரை அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள்.

மூன்று மணி நேரத்துக்கும் குறைவா? புல் ஆசையை விட்டுவிடுங்கள். கூழாங்கல் கொட்டி, நடக்க நாலு கல் பதித்து, ஓரத்தில் சிங்கோனியம், பெரணி என்று நிழலில் வளரும் செடிகளை வையுங்கள். மூன்றாவது தடவையும் புல்லுக்குச் செலவழிக்காதீர்கள்.

போர் தண்ணீர் உப்பு. மூன்று வருடமாக எந்தப் புல்லும் நிலைக்கவில்லை. (ஈசிஆர், உத்தண்டி)

உப்புக்கு ஈடுகொடுப்பதில் முதல் இடம் கடற்கரைப் பகுதிகளில் தானாக வளரும் பாஸ்பாலம் வகைப் புல்லுக்கு. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். கிடைக்காவிட்டால் அருகு, மணிலா இரண்டுமே உப்பை நன்றாகத் தாங்கும்.

தண்ணீர் விடும் முறையையும் மாற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள். விடும்போது நிறைய விடுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கட்டும். வடிகால் இல்லாத மண்ணில் இது பலிக்காது. மழைத் தண்ணீரையும் தெருவுக்குத் திருப்பாமல் புல்தரை மேலேயே பரவ விடுங்கள்.

ஆன்லைனில் புளூகிராஸ், ஃபெஸ்க்யூ விதை வாங்கினேன். ஒரு பாக்கெட் ரை புல் விதையும் வந்தது. போடலாமா அண்ணா? (ஓசூர்)

அவை குளிர்நாட்டுப் புற்கள் தம்பி. ரை ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று முளைத்து ஆசை காட்டும். ஓசூர் குளுகுளு ஊர்தான், ஆனாலும் ஏப்ரல் வெயிலில் அது நிற்காது. ஊட்டி, கொடைக்கானலில் கதை வேறு. அங்கேயும் வேலை குறைவாக வேண்டுமென்றால் கிக்குயு புல்தான். கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்தது, மலைப்பகுதிப் புளிப்பு மண் அதற்குப் பிடிக்கும். ஒரே தொல்லை, அடங்காது. காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் கல் பதித்துத் தடுத்தாக வேண்டும்.

கொரியன் புல் போட்டால் வெட்டவே வேண்டாமாமே, உண்மையா அண்ணே? (மதுரை)

பாதி உண்மை. அது மெதுவாக வளரும், வெட்டாமலும் விடலாம். விட்டால் அங்கங்கே மேடு தட்டி, தலையணைகளை அடுக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அந்த அழகுதான் பிடிக்கும். ஆனால் மெதுவாக வளரும் புல் மெதுவாகத்தான் மூடும். முதல் வருடம் முழுக்க இடையில் வரும் களையைக் குனிந்து குனிந்து கையால் பிடுங்க வேண்டும். வெட்டும் வேலை மிச்சம், முதுகு வலி கூடுதல்! நடைபாதைக் கல்லுக்கு இடையில், சின்னத் திட்டாகப் போடுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு வேண்டாம்.

பிடுங்கப் பிடுங்கக் கோரை வருகிறது. என்னதான் செய்வது? (ஈரோடு)

புல்தரையைக் கெடுப்பதில் கோரையை அடிக்க வேறு களை இல்லை. ஒன்றைக் கையால் பிடுங்காமல் மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். நூல் மாதிரி ஒரு தண்டு ஓடும், அதில் கறுப்பாகக் கொட்டை கொட்டையாகக் கிழங்கு கோத்திருக்கும். கீறினால் குளியல் பொடி வாசம் வரும். நீங்கள் பிடுங்கியது மேலே உள்ள ஒரு தலையை மட்டும்தான். கீழே இருக்கிற அடுத்த கிழங்கு உடனே முளைக்கும்.

புல் போடும் முன்னால்தான் இதற்கு வழி. மார்ச், ஏப்ரலில் முக்கால் அடி ஆழம் கொத்திப் புரட்டி, கிழங்கைப் பொறுக்கி, மண்ணை வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் தண்ணீர் விட்டால் மிச்சம் மீதி முளைக்கும். அதையும் கிழங்கோடு எடுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்பீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலம் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். நீங்களே வாங்கி அடிக்கிற மருந்து இல்லை அது.

கோரை பெரும்பாலும் நாமே காசு கொடுத்து வாங்கி வருவதுதான். லாரியில் வரும் ஏரி வண்டலில் கிழங்கு இருக்கும். மக்காத சாணத்திலும் களை விதை வரும். புல் விரிப்பு வாங்கினால் மேல்பக்கப் பச்சையைப் பார்த்து ஏமாறாமல், புரட்டிப் போட்டு அடியைப் பாருங்கள். கறுப்புக் கொட்டை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆயிரம் சதுர அடிக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? ஆர்ஓ கழிவுநீர் விடலாமா? (தாம்பரம்)

ஆயிரம் சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க சுமார் 2,360 லிட்டர் வேண்டும். உச்சக் கோடையில் புல் பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு ஆகும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீட்டில் முன்னூறு சதுர அடி போதுமே! மிச்சத்தில் செடி வையுங்கள்.

தினமும் விடாமல் வாரம் இரண்டு தடவை, விடியற்காலையில் ஊற விடுங்கள். நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். நாலு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் ஈரம் போதும். நடந்து போன காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் புல்லுக்குத் தாகம். ஆர்ஓ கழிவுநீரில் உப்பு அதிகம். நல்ல தண்ணீரோடு கலந்து எப்போதாவது அருகுக்கு விடலாம், அதையே நம்ப வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரும் அப்படித்தான், சோடியம் சேர்ந்து மண் இறுகும்.

புல்தரை போட்டால் பாம்பு வரும் என்று மாமியார் பயப்படுகிறார்கள். (தஞ்சாவூர்)

ஒட்ட வெட்டிய புல்லில் பாம்புக்கு ஒளிய இடமில்லை. வெட்டாமல் முழங்கால் உயரம் விட்டாலோ, ஓரத்தில் செங்கல், தென்னை மட்டையைக் குவித்து வைத்தாலோ வரும். எலியைத் தேடித்தான் பெரும்பாலும் வருகிறது. மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு, வெட்ட ஆள் இல்லாத வீட்டில் புல் வேண்டாம்.

நாய் சிறுநீர் போன இடமெல்லாம் வட்டமாகக் கருகுகிறது. (சேலம்)

போன உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நைட்ரஜன் அதிகமாகிக் கருகுகிறது, அதனால்தான் வட்டத்தின் ஓரத்தில் மட்டும் கரும்பச்சையாக வளரும். யூரியாவும் இதே மாதிரிதான். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் போடக் கூடாது, போட்டதும் தண்ணீர் விட வேண்டும். வேலை குறைவாக வேண்டுபவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உரம் கூடினால் வெட்டும் வேலையும் கூடும்.

வெட்டவும் முடியாது, தண்ணீரும் கம்மி. பிளாஸ்டிக் புல் போட்டுவிடலாமா? அக்காவுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள் தம்பி. (விருதுநகர்)

பிளாஸ்டிக் புல் உங்கள் ஊர் வெயிலில் கொதிக்கும் அக்கா, பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. பொடுதலை நடுங்கள். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்குமே, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதுதான். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். உயரம் போகாது என்பதால் வெட்டும் வேலை அபூர்வம். வேர் பிடித்த பிறகு தண்ணீரும் குறைவாகத்தான் கேட்கும். பந்து விளையாட்டைத் தாங்காது, நடமாட்டத்தைத் தாங்கும். பூ வந்தால் தேனீ மொய்க்கும். பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு வருகிற அன்று, முந்தின நாளே பூவை மட்டும் மேலோட்டமாக வெட்டி விட்டுவிடுங்கள்.