கேம் கியூவில் 1,200 பேர்: ஃபைபர் போட்டால் குறையுமா?

கேள்வி: மாங்குளத்தில் இருக்கிறேன். 4ஜி ரவுட்டரில், சிங்கப்பூர் சர்வரில் ஒரு ஆன்லைன் கேம் விளையாடுகிறேன். புதிய பாகம் வந்ததில் இருந்து பின்னேரம் ஆறரைக்கு லாகின் செய்தால் முன்னால் 1,200 பேர் நிற்பதாகக் காட்டுகிறது. ஃபைபருக்கு மாறினாலோ விபிஎன் (இணைப்பை வேறு இடம் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) போட்டாலோ சீக்கிரம் உள்ளே போகலாமா?

பதில்: போக முடியாது தம்பி. இதற்காக மட்டும் என்றால் ஃபைபருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் வேகமாக ஓடும் என்பதற்காகப் பெற்றோல் கியூ நகராதே.

சர்வர் நிறைந்துவிட்டால் ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். 3,000 பேருக்கு இடம், ஒருவர் சராசரியாக மூன்று மணித்தியாலம் விளையாடுகிறார் என்று வைப்போம். நிமிடத்துக்குச் சுமார் 17 பேர் வெளியேறுவார்கள்; 1,200 பேர் உள்ளே போக 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். திரும்பக் கியூவில் நிற்கப் பயந்து கேமைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. சும்மா நிற்பவர்களைச் சில கேம்கள் தானாக வெளியே தள்ளுவது அதனால்தான்.

இன்னும் சர்வர் போட்டால் என்ன? பப்ஜி மாதிரி 100 பேர் ஆடி முடிக்கும் கேம் என்றால் புதிது புதிதாக ஆட்டங்களைத் திறந்துகொண்டே போகலாம். எல்லோரும் ஒரே உலகத்தில் வாழும் கேமில் அது சுலபமில்லை. ஒரே இடத்தில் 100 பேர் நின்றால் ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற 99 பேருக்கும் சொல்ல வேண்டும், அதாவது ஏறக்குறைய 10,000 செய்திகள். 200 பேர் என்றால் இரண்டு மடங்கு அல்ல, 40,000. தவிர, முதல் மாதக் கூட்டம் பிறகு கலைந்துவிடும் என்று கம்பனிகளுக்குத் தெரியும். சில வேளை காசு இருந்தும் சர்வர் கிடைக்காது: 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற கேமின் புதிய பாகமான எண்ட்வாக்கர் வந்தபோது சிப் தட்டுப்பாடு. நெரிசல் தாங்காமல் அதன் கம்பனியான ஸ்குயர் எனிக்ஸ் கேம் விற்பனையையே கொஞ்சக் காலம் நிறுத்தியது.

சரி, உங்கள் கையில் இருப்பது நேரம். சிங்கப்பூர் நேரம் நம் இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. உங்கள் ஆறரை அங்கே இரவு ஒன்பது, நெரிசலின் உச்சம். பத்து மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள், அங்கே பன்னிரண்டரை ஆகியிருக்கும். நம் நேரமே உள்ள இந்தியாவில் இருந்து நிறையப் பேர் அதே சர்வருக்கு வந்தால் இந்தக் கணக்குக் கொஞ்சம் பிசகும்.

லைன் விஷயத்தில் வேகத்தைவிட அறுந்து போகாமல் இருப்பதுதான் முக்கியம். கியூவில் நிற்க டேட்டா மிகக் குறைவாகத்தான் போகும். ஆனால் சிக்னல் விட்டாலோ கரண்ட் போய் ரவுட்டர் நின்றாலோ பல கேம்களில் இடம் போய்விடும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். கணினி தானாகத் தூங்கும் செட்டிங்கை நிறுத்துங்கள். நடுவில் விபிஎன்னைத் தொடாதீர்கள், இணைப்பு மாறினால் திரும்பக் கடைசியில் நிற்க வேண்டி வரலாம்.

அப்புறம், கூட்டம் குறைந்த வேறு உலகத்தில் (அதே கேமின் இன்னொரு சர்வரில்) புதிதாக ஆரம்பிக்கலாம். கூட்டாளிகள் பழைய உலகத்தில் இருந்தால் அதற்கு முன் அவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். எல்லா கேமும் பிறகு உலகம் மாற விடாது.