மகனைப் பற்றி ஒரு ஜெபக்குறிப்பு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதிவுகளை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. எங்கள் சபையில் வாரம் ஒருநாள் தாய்மார் ஜெபக்கூட்டம் உண்டு. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கமில்லாமல் பைத்தியம் பிடிக்கிற நிலையில் போய்ச் சேர்ந்தேன், அந்தப் பெண்கள்தான் என்னைத் தாங்கினார்கள். இப்போது அவனுக்கு 16 வயது. ஆறு மாதமாக ஆராதனைக்கு வருவதில்லை. 'எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்றே தெரியவில்லை, வந்து உட்கார்ந்தால் நடிக்கிற மாதிரி இருக்கிறது' என்கிறான். கூட்டத்தில் இதை அழுதுகொண்டே சொன்னேன். ஒருவர் இன்னும் உபவாசம் இருக்கச் சொன்னார், ஒருவர் வீட்டில் குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரோடு ஜெபக்குறிப்பு வந்துவிட்டது, சுற்றிச் சுற்றி அவன் காதுக்கும் போய்விட்டது. 'உங்களை நம்பித்தானேம்மா சொன்னேன்' என்றான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. என் விசுவாசம்தான் குறைவா? அந்தக் கூட்டத்துக்கு இனி போகலாமா, வேண்டாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கடிதத்தில் இருந்த வேறு மூன்று விவரங்களையும் எடுத்திருக்கிறேன், அவற்றை வைத்துத் தெரிந்தவர்கள் பையனைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

விசுவாசம் குறைவா என்ற கேள்வியில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் நோயாளி மகனைத் தூக்கிக்கொண்டு வருகிற தகப்பன், 'விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்' என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி அழுகிறான். இயேசு அவனுடைய விசுவாசத்தை எடைபோட்டுப் பார்த்த பிறகுதான் பையனைத் தொட்டார் என்று இல்லை. அவ்வளவுதான்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது உங்கள் மகனுடைய அந்த ஒரு வாக்கியம். உபவாசம் சொன்னவரும் குடும்ப ஜெபம் விசாரித்தவரும் உங்களைக் காயப்படுத்தினார்கள், சரி. ஆனால் அவனைக் காயப்படுத்தியது நீங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது 11 வயது. ராத்திரியில் படுக்கை நனைகிற பிரச்சினை போகவே இல்லை. மருத்துவரிடம் காட்டியாயிற்று, ஒன்றும் சரிப்படவில்லை, நான் களைத்துப்போய் ஒருநாள் தாய்மார் கூட்டத்தில் சொல்லிவிட்டேன், எல்லாரும் உருக்கமாக ஜெபித்தார்கள், மனசு லேசானது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறோம், வயதான அம்மா ஒருவர் குனிந்து அவள் கன்னத்தைத் தடவி, 'இப்போ சரியாயிடுச்சா கண்ணு? உனக்காக தினமும் ஜெபிக்கிறேன்' என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, உண்மையாகவே தினமும் ஜெபித்திருப்பார். மகள் நிமிரவே இல்லை. போட்டு முடித்த செருப்பின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். வீட்டுக்கு வந்தும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வருடம் எந்த விஷயமும் என்னிடம் முதலில் வந்ததில்லை, அப்பாவிடம் போகும், இல்லையென்றால் தோழியிடம் போகும், கடைசியில்தான் எனக்குத் தெரியும்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எதையும் சொல்லிவிடலாம் என்று நமக்கு ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டில் நின்று சொன்னால் வம்பு, முழங்காலில் நின்று சொன்னால் பாரம். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கூட்டங்களில் மோனிக்காவின் கதையை அடிக்கடி சொல்வார்கள். பிற்காலத்தில் புனிதராக அறியப்பட்ட மகன் அகஸ்டின் வழிதவறி மனிகேயர் என்ற வேறொரு மதக் கூட்டத்தில் சேர்ந்தார், அம்மா வருடக்கணக்கில் அழுது ஜெபித்தார், மகன் மனந்திரும்பி கி.பி. 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார், ஸ்தோத்திரம், அடுத்த பாட்டு. நடுவில் இரண்டு இடங்களை யாரும் சொல்வதில்லை, அகஸ்டின் தானே எழுதிவைத்திருந்தும். ஒன்று, மகனோடு நீங்கள் பேசித் திருத்துங்கள் என்று மோனிக்கா ஓர் ஆயரிடம் கெஞ்சியபோது அவர் மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஆயரே சின்ன வயதில் அதே மனிகேயர் கூட்டத்தில் வளர்ந்து, அவர்கள் புத்தகங்களை வாசித்துத் தானாகவே வெளியே வந்தவர். அவனை இப்போதைக்கு விட்டுவிடு, ஜெபம் மட்டும் பண்ணு என்றார். மோனிக்கா விடவில்லை, திரும்பத் திரும்பக் கெஞ்ச, அவர் கொஞ்சம் சலித்துப்போய், போம்மா, இத்தனை கண்ணீருக்குச் சொந்தமான பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று அனுப்பிவைத்தார். அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் ஒரு சலிப்பில் வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று, 383-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தில். அகஸ்டின் ரோமுக்குப் போகப்போகிறார், அம்மா கூடவே வந்து பிடித்துக்கொள்கிறார். நண்பனை வழியனுப்ப வந்தேன் என்று பொய் சொல்லி, கப்பல் பக்கத்திலேயே இருந்த, இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் அம்மாவைத் தங்கவைத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் ஏறிவிட்டார். மகனைப் போகவிடாதேயும் என்று மோனிக்கா உள்ளே அழுது ஜெபித்துக்கொண்டிருந்தது அதே ராத்திரி. விடிந்து வெளியே வந்தால் கப்பல் இல்லை. அந்தக் காலையில் நம் கூட்டம் ஒன்று அங்கே இருந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். இன்னும் உபவாசம் இருங்கள் என்றுதான். ஆனால் அந்தக் கப்பல் போனதால்தான் அகஸ்டின் இத்தாலிக்குப் போனார், மிலானில் அந்த ஊர் ஆயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டார். உங்கள் மகனுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கென்ன தெரியும். விடிந்ததும் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாவின் பக்கத்தில் யாராவது பேசாமல் நின்றால் போதும், அதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண்கள் ஏன் அப்படிப் பேசினார்கள்? பயம். உங்கள் வீட்டில் நடந்தது தங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்று தெரிந்தவுடன் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது, குடும்ப ஜெபம் இல்லை, உபவாசம் போதவில்லை என்று ஏதாவது. அப்போதுதான் அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். 1876-இல் இங்கிலாந்தின் ஓல்ட் ஆல்ரெஸ்ஃபோர்டு கிராமத்தில் தாய்மார் சங்கத்தைத் தொடங்கிய மேரி சம்னருக்கு, பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த முதல் நாள் பதற்றத்தில் வாயே திறக்கவில்லையாம், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நம் கூட்டங்களிலும் அவ்வப்போது ஒருவருக்காவது இப்படி வாயடைத்துப்போகலாம், தப்பில்லை.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். கைக்குழந்தையோடு வந்த உங்களைத் தாங்கியவர்கள் அவர்கள்தானே, அதுவும் நிஜம்தான். இயேசுவின் தாய் மரியாள் தேடிப்போன உறவுக்காரர் எலிசபெத்தின் வீட்டை நினைத்துப் பாருங்கள். வயசுபோன காலத்தில் கர்ப்பமாகி ஐந்து மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவர் ஒருவர், கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகி வந்து நிற்கிற சின்னப் பெண் ஒருத்தி, வீட்டுக்காரர் சகரியாவுக்கோ பேச்சே வராது. அந்த வீட்டில் மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தாள் என்று லூக்கா எழுதுகிறார். எலிசபெத்து அவளை விசாரணை செய்ததாக ஒரு வரி இல்லை, வாசலிலேயே பாக்கியவதி என்று வாழ்த்திவிட்டார். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவராவது இருப்பார், அநேகமாக அதிகம் பேசாதவராக இருப்பார்.

ஆனால் போவதற்கு முன்னால் மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பிக்காதீர்கள், அழவும் வேண்டாம், நீங்கள் அழுதால் அவன் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். கேட்காமல் சொன்னது தப்பு, இனி கேட்காமல் சொல்லமாட்டேன், போதும். அவன் பதில் சொல்லாவிட்டால் சொல்லாமல் இருக்கட்டும். அப்புறம் கூட்டத்தை நடத்துகிறவரிடம் தனியாகப் பேசி அந்தச் செய்தியை நீக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் பெயரைக் குழுவில் போட வேண்டாம் என்றும் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், மற்ற அம்மாக்கள் மனசுக்குள் நன்றி சொல்வார்கள். குறிப்பு கேட்கும்போது உங்களுக்காகக் கேளுங்கள். எனக்குப் பொறுமை வேண்டும், ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, மகன் அறைக் கதவைத் தட்டாமல் இருக்க எனக்குப் பலம் வேண்டும். இதெல்லாம் உங்கள் கதை, தாராளமாகச் சொல்லலாம்.

இந்தப் பதிலைப் போடுவதற்கு முன் என் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். போடுங்கம்மா என்றாள். வயதை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா