அதே வீடு, அதே கதவு, மறுபடியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டைம் லூப் ஹாரர் வீடியோ கேம்களை, அதாவது ஒரே இடமோ நேரமோ திரும்பத் திரும்பச் சுழலும் திகில் ஆட்டங்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரைக்குடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான், மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சலிப்புதானே வரும்? பயம் எங்கிருந்து வருகிறது? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

நல்ல கேள்வி தம்பி, இந்த வகை ஆட்டங்களின் உயிரே இதில்தான் இருக்கிறது. தெரியாத இடத்தில் என்ன வருமோ என்று நடப்பதும் பயம்தான், ஆனால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். நாலு பேய் வந்து கத்திவிட்டுப் போனால் ஐந்தாவது பேய்க்கு யாரும் அசைய மாட்டார்கள். நன்றாகத் தெரிந்த இடத்தில் ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தால் வருகிற பயம் வேறு மாதிரி. அது தேயாது, சுற்றுக்குச் சுற்று ஏறும்.

2014 ஆகஸ்ட் 12 அன்று பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) என்ற கேம் பெட்டியில் இலவசமாக வெளியான பி.டி. என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆட்டமும் எல் வடிவத்தில் ஒரு நடைபாதை. ஒரு பக்கம் குளியலறை, மேஜையில் போட்டோக்கள், 23:59 என்று காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கடிகாரம், ஒரு குடும்பக் கொலையைப் பற்றிச் செய்தி சொல்லும் ரேடியோ. கடைசியில் உள்ள கதவைத் திறந்து போனால் அதே நடைபாதையின் தொடக்கத்துக்கே வந்து நிற்பீர்கள். கையில் ஆயுதம் கிடையாது. நடக்கலாம், உற்றுப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதல் சுற்றில் பூட்டியிருந்த குளியலறைக் கதவு பின்னால் ஒரு சுற்றில் லேசாகத் திறந்திருக்கும், அந்த இடைவெளிதான் ஆளைக் கொல்லும். இரண்டு மூன்று சுற்று போனதும் அந்த நடைபாதை உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும், அதற்கப்புறம் ஒவ்வொரு பொருளையும் 'இது போன தடவை இப்படித்தான் இருந்ததா' என்று நீங்களே சோதிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், எதுவுமே மாறாத சுற்றில்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களைப் பயமுறுத்தும் வேலையை ஆட்டம் உங்களிடமே ஒப்படைத்துவிடுகிறது. ஒரே ஒரு நடைபாதையை வைத்து இவ்வளவையும் செய்தார்களே என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

அந்த பி.டி. இப்போது எங்கே கிடைக்கும்? (வாசகர், தேவகோட்டை)

முறையாக எங்கேயும் கிடைக்காது. கேம் வடிவமைப்பாளர் ஹிடேயோ கொஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த சைலன்ட் ஹில்ஸ் ஆட்டத்துக்கு முன்னோட்டமாக வந்தது அது. 2015 ஏப்ரலில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது, அதே மாதம் 29ஆம் தேதியோடு பி.டி.யும் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே இறக்கி வைத்து இன்னும் அழிக்காமல் இருக்கும் பழைய பிஎஸ்4 பெட்டிகளில்தான் இருக்கிறது. போனில் ஓடும் பி.டி. என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். இதைப் போல ஒன்று வேண்டுமென்றால் தி எக்ஸிட் 8 இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே.

பேரன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான், பன்னிரண்டு வயது. விளக்கை அணைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரே பாதையில் நடந்துகொண்டே இருக்கிறான், திடீரென்று கத்துகிறான், மறுபடியும் முதலில் இருந்து. புத்தி கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஓர் ஆயா, பள்ளத்தூர்)

ஆச்சி, புத்தி கெடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவன் விளையாடுவது கிட்டத்தட்ட 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' போன்ற ஒன்று, நடந்துகொண்டே கண்டுபிடிப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். தப்பாகச் சொன்னால் முதலில் இருந்து வர வேண்டும், அதனால்தான் கத்தல். ஆனால் இந்த வகையில் எல்லா ஆட்டமும் பன்னிரண்டு வயதுக்கு ஆனது கிடையாது. ஆட்டத்தை வாங்கும் பக்கத்தில் வயது போட்டிருக்கும். ஐரோப்பிய முறையில் 16, 18 என்றும் அமெரிக்க முறையில் எம் என்ற எழுத்திலும் இருக்கும், எம் என்றால் 17 வயதும் அதற்கு மேலும். அவன் அம்மாவிடம் போனில் சொல்லி அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மூன்று விஷயம் நீங்களே செய்யலாம். விளக்கைப் போட்டு வையுங்கள், இருட்டில் திரை வெளிச்சம் பளிச் பளிச்சென்று மாறுவது கண்ணுக்கு ஆகாது, வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு அது ஆபத்தே. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் உடனே எழுப்பிவிடுங்கள், அது திரை ஆடுவதால் வருவது, கொஞ்சம் வெளியே நடந்தால் சரியாகிவிடும். ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம், பகலில் ஆடட்டும். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து 'இதில் என்ன மாறியிருக்கு, எனக்கும் காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு பாத்திரம் இடம் மாறினால்கூட உங்கள் கண்ணுக்குத்தானே முதலில் படும், அவனைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள்.

தி எக்ஸிட் 8இல் ஐந்தைத் தாண்ட முடியவில்லை. ஏதாவது வழி சொல்லுங்கள். (வாசகர், புதுவயல்)

தெரியாதவர்களுக்காக: 2023இல் கொட்டாக்கே கிரியேட் என்ற பெயரில் ஜப்பானில் ஒரே ஆள் செய்து வெளியிட்டது. வெள்ளை டைல்ஸ் பதித்த சுரங்க ரயில் நிலைய நடைபாதை. வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும், எதுவும் இல்லையென்றால் நேரே போக வேண்டும். சரியாகச் செய்தால் எண் ஒன்று கூடும், தப்பினால் பூஜ்யம். எட்டைத் தொட்டால் வெளியே.

ஐந்தில் மாட்டுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். ஆரம்பத்தில் வரும் பாதையில் நிதானமாக நின்று எல்லாவற்றையும் மனதில் ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வரிசையில் பாருங்கள்: மேலே விளக்கு, பெயர்ப்பலகை, சுவரில் உள்ள போஸ்டர் ஒவ்வொன்றும், எதிர்ச் சுவர்க் கதவுகள், கைப்பிடிகள், தரை. எதிரே நடந்து வரும் அந்த மனிதரை முகம், கை, நடை என்று தனியாகப் பாருங்கள். வரிசை மாறினால்தான் விட்டுப்போகும். கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு தடவை திரும்பியும் பார்த்துவிடுங்கள். எந்தெந்த வித்தியாசம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் ஆட்டமே போய்விடும்.

லூப் ஆட்டத்தில் செத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடுமா? அப்படியென்றால் எதற்குச் சேர்ப்பது? (வியாபாரி, கோட்டையூர்)

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவில்தான் சர்வைவல் ஹாரர் (குறைந்த கையிருப்போடு உயிர் பிழைக்கும் திகில் ஆட்டம்) என்ற பெயரையே பிரபலமாக்கியது. அதில் குண்டு குறைவு, மருந்து குறைவு, ஆட்டத்தைச் சேமிப்பதற்கே தட்டச்சு மெஷினும் மை ரிப்பனும் வேண்டும், ரிப்பனும் எண்ணித்தான் கிடைக்கும். கையிருப்பு குறையக் குறையப் பயம். டைம் லூப் அதையே இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. கையிருப்பு மொத்தமும் போகும், தெரிந்துகொண்டது மட்டும் தங்கும். 2021இல் வந்த ரிட்டர்னலில் நாயகி ஒவ்வொரு முறை சாகும்போதும் விண்கலம் விழுந்த இடத்திலேயே கண் விழிப்பாள், ஆயுதங்களில் பெரும்பாலானவை போயிருக்கும். 2019இன் அவுட்டர் வைல்ட்ஸ் ஹாரர் வகை இல்லை, ஆனாலும் பயம் உண்டு: 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடியும் முதலில் இருந்து. அதில் சேர்க்கும் சொத்தே குறிப்புகள்தான், விண்கப்பலின் பதிவேட்டில் அவை அழியாமல் இருக்கும். அதில் ஓர் இடத்தில் பெரிய மீன்கள் வரும், கண் தெரியாது, சத்தம் கேட்டுத்தான் பாயும் என்பதைப் புரிந்துகொண்டால் என்ஜினை நிறுத்திவிட்டு மிதந்தே தாண்டிவிடலாம். அந்த ஒரு தகவல் நூறு குண்டுக்குச் சமம்.

வியாபாரி என்பதால் உங்களுக்குப் பிடித்த ஒன்று. 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க்கில் மூன்று நாளில் நிலா ஊர் மேல் விழும், அதற்குள் காலத்தைத் திருப்பி முதல் நாளுக்குப் போக வேண்டும். திரும்பினால் கையில் வைத்திருக்கும் பணம் எல்லாம் போய்விடும். ஆனால் ஊரில் உள்ள பேங்கில் போட்ட பணம் அப்படியே இருக்கும், காலமே பின்னால் போனாலும் கணக்கு கலையாது. அந்தப் பணத்துக்குப் பெயர் ரூப்பி. வட்டிக்கடையும் பேங்கும் கண்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எந்த ஆட்டத்திலும் கிடையாது.

செட்டிநாட்டு வீட்டை வைத்து லூப் ஹாரர் ஆட்டம் செய்ய ஆசை. நானும் இரண்டு நண்பர்களும்தான், காசு கிடையாது. எங்கே ஆரம்பிப்பது? (பொறியியல் மாணவி, காரைக்குடி)

கண்டிப்பாகச் செய்யுங்கள் அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஆட்டம் செய்ய உதவும் கோடோ என்ற என்ஜின் மென்பொருள் இலவசம், முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரும் இலவசம், ஆட்டத்தை விற்றாலும் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை.

லூப்பின் சூட்சுமம் எளிது. கடைசிக் கதவைத் தாண்டியதும் ஆடுபவரைத் தூக்கி முதல் கதவில் வைக்க வேண்டும். கதவிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் பார்த்து நின்றாரோ அதையே அங்கேயும் அப்படியே போட்டுவிட்டால் மாறியதே தெரியாது. எத்தனையாவது சுற்று என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு ஏற்றபடி பொருட்களை மாற்றுங்கள். பி.டி.யின் பாதை எல் வடிவத்தில் வளைவதால் முனைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, இந்த இடமாற்றத்தை ஒளிக்க அது வசதி. உங்களுக்கு அந்த வசதி இல்லை. நம் வீடுகள் நேர்கோட்டில் போகும், முகப்பில் நின்றால் வளவு (முற்றம் உள்ள கட்டு), இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் ஒரே பார்வையில் தெரியும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும் வீடு இது. பின்வாசல் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் மறுபடி முகப்பிலேயே நிற்க வேண்டும். அப்புறம் எதிரே பாருங்கள், கடைசிக் கதவில், அவ்வளவு தூரத்தில், ஒருவர் இப்போதுதான் வெளியே போகிறார். அது யார்?

வளவு முற்றத்தில் விழும் வெயில்தான் உங்கள் கடிகாரம். வெயில் முற்றத்து ஓரப் பட்டியக்கல்லில் இருந்து தூண் வரை ஏறுவதற்குள் ஒரு சுற்று முடிய வேண்டும் என்று வைத்தால் திரையில் எண் ஓடவே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்துக் கையால் நிறம் ஊற்றிச் செய்கிறார்கள், அதனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒரே படத்தைத் தரை முழுக்க ஒட்டினால் பொய்யாகத் தெரியும், குறைந்தது நாலைந்து கல்லைத் தனித்தனியாகப் படமெடுத்துக் கலந்து போடுங்கள். ஆனால் தரையில் இயல்பாகவே வித்தியாசம் இருந்தால், நீங்கள் வேண்டுமென்றே வைத்த வித்தியாசத்தை ஆடுபவர் எப்படிப் பிரித்தறிவார்? அதனால் தரையில் மாற்றம் வைத்தால் நிறத்தில் வைக்காதீர்கள், கல் திசை திரும்பியிருப்பதாக வையுங்கள். சுவர் இன்னொரு தொல்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய வெள்ளைச் சுவர் பளபளவென்று இருப்பதால், போன் படங்களைச் சேர்த்து முப்பரிமாணம் ஆக்கும் மென்பொருளுக்குப் பிடிபடாது. சுவரைக் கையால் வரைந்துவிடுங்கள், நிலைக்கதவுச் சிற்பங்களை மட்டும் படமெடுங்கள். முழு வீட்டுக்கு ஆசைப்படாமல் முகப்பும் வளவும் மட்டும் முதலில் முடியட்டும்.

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடுகளைச் சினிமாக்காரர்கள் பேய் வீடாக்கியது போதாதா? இப்போது கேமுமா? (வாசகர், கானாடுகாத்தான்)

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. அந்த வீடுகளில் கல்யாணம் நடந்திருக்கிறது, அறுபதாம் கல்யாணச் சாந்தி நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. பத்துப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு இருக்கும் வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதும் தப்பு, மேலே எழுதிய மாணவிக்கும் இதைச் சொல்கிறேன். ஆனால் நல்ல ஹாரர் ஆட்டம் வீட்டை இழிவாக்காது. 2003இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்த சைரன், ஜப்பானில் வெளியுலகத் தொடர்பு அறுந்த ஒரு மலைக் கிராமத்தில் நடக்கிறது, காலமும் அங்கே சுழல்கிறது. செத்தும் திரியும் ஊர்க்காரர்கள் அதில் வயல் வேலை பார்க்கிறார்கள், வீட்டைச் செப்பனிடுகிறார்கள், பழைய வாழ்க்கையை விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஊரின் வீடு, சடங்கு, வேலை எல்லாவற்றையும் ஆழ்ந்து கவனித்தவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும். வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்டு யாரோ கத்தும் ஆட்டம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். பெட்டகத்துச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று தெரிந்தவர்கள் செய்தால் ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

வாங்கிய ஆட்டம் பிடிக்கவில்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், குன்றக்குடி)

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியது என்றால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம், தருவார்கள். லேப்டாப்பில் ஓடவே இல்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் எக்ஸிட் 8 போன்ற ஆட்டங்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முழுக்க ஆடி ரசித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்காதீர்கள், தனி ஆளாக உட்கார்ந்து செய்தவருக்கு அது நேரடி நஷ்டம்.