பல மாதம் ஜெபித்தும் பதில் இல்லை, இப்போது ஜெபிக்கவே முடியவில்லை. விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

கேள்வியின் சுருக்கம் இது: அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டில் கடன். எட்டு மாதமாக ஜெபமும் உபவாசமும் இருந்தும் எந்த மாற்றமும் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. சபையில் யாராவது தேவன் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்தால் எரிச்சல் வருகிறது. விசுவாசம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. வார்த்தை வராமல் போவதை வேதாகமம் மறைக்கவில்லை. 77-ஆம் சங்கீதத்தை எழுதியவர், "நான் பேசமாட்டாதபடி சஞ்சலப்படுகிறேன்" என்று தேவனிடமே சொல்கிறார். தூங்கவிடாமல் கண்ணிமைகளைப் பிடித்திருப்பதும் நீர்தான் என்று அதே வசனத்தில் குற்றமும் சாட்டுகிறார். இது வேதாகமத்தின் ஜெபப் புத்தகமான சங்கீதத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரும் வெட்டி எடுக்கவில்லை. ரோமர் 8:26-இல் பவுல், என்ன வேண்டிக்கொள்வது என்றே நமக்குத் தெரியாத நேரம் உண்டு என்றும், அப்போது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்றும் எழுதுகிறார். நீங்கள் நிற்கும் இடத்தில் உங்களுக்கு முன்பே பலர் நின்றிருக்கிறார்கள்.

சொந்த வார்த்தை வற்றிப்போன காலத்தில் இரவல் வார்த்தையால் ஜெபியுங்கள், அதிலும் முறையிடும் வார்த்தைகளால். இதுதான் என் பதில். நம் சபைகளில் துதிக்கு இருக்கும் இடம் முறையீட்டுக்கு இல்லை, இது பெரிய குறை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமாக இருக்கும்போது, கஷ்டம் வந்ததும் நாம் 23, 91, 121 என்ற மூன்றை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். அவை நல்ல சங்கீதங்கள்தான். ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டிருப்பவர் 91-ஐ வாசித்தால், "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்ற வரியில் மனம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இரவல் வார்த்தை என்றால் மட்டமானது என்றும் நினைக்க வேண்டாம். இயேசு சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. கெத்செமனேயில் மூன்றாம் முறையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. ஒரே ஜெபத்தைத் திரும்பச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனம், மெதுவாகச் சத்தமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். முதல் வாரம் வேறு எதுவும் வேண்டாம். காலையில் ஒரு தடவை, டயாலிசிஸ் அறைக்கு வெளியே அந்த நாலு மணி நேரம் காத்திருக்கும்போது ஒரு தடவை, அவ்வளவுதான். வாய்விட்டு வாசிப்பது முக்கியம். கண்ணால் மட்டும் ஓட்டினால் நாலாவது வரியில் மனம் ஆஸ்பத்திரி பில்லுக்குப் போய்விடும். ஆட்கள் சுற்றி இருந்தால் உதடு அசையும் அளவுக்கு முணுமுணுத்தால் போதும். சீலோவில் பிள்ளையில்லாத அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான், கர்த்தர் அப்படி நினைக்கவில்லை.

இந்தச் சங்கீதம் எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். "கர்த்தாவே" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. உடனே முறையீடு: முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது. 3, 4 வசனங்களில் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும். 5-ஆம் வசனத்தில் நம்பிக்கை, 6-இல் பாடுவேன் என்ற வாக்கு. முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் இந்தப் போக்கில்தான் போகும். இரண்டாம் வாரத்திலிருந்து இதே போக்கில் நீங்களே எழுதலாம். சாதாரண கோடு போட்ட நோட்டு, பத்து நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக அலாரம். பக்கத்தில் ஐந்து இடம் விட்டுக்கொள்ளுங்கள்: கூப்பிடுதல், முறையீடு, கேட்பது, நம்பிக்கை, வாக்கு.

முறையீட்டை எழுதும்போது பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்று உண்டு. பழக்கதோஷத்தில் "ஆண்டவரே, இந்தச் சூழ்நிலையில் சமாதானம் தாரும்" என்று பொதுவாக எழுதிவிடுவோம். அதில் யாருடைய கஷ்டமும் இல்லை. "வியாழக்கிழமை ஊசி ஏற்ற இரண்டு தடவை குத்தினார்கள், அப்பா கண்ணை மூடிக்கொண்டார், நான் பக்கத்தில் நின்றேன், நீர் எங்கே இருந்தீர்" என்று எழுதுங்கள். "5-ஆம் தேதிக்குள் 18,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும், கையில் 6,000 இருக்கிறது" என்று எழுதுங்கள். தொகை, தேதி, பெயர், கிழமை எல்லாம் இருக்கட்டும். விண்ணப்பமும் அதே அளவுக்குத் திட்டமாக இருக்கட்டும்: இன்றைக்கு வேண்டியது என்ன என்று ஒன்றே ஒன்று கேளுங்கள்.

இன்னும் இரண்டு இடறல்கள். ஒன்று, குற்ற உணர்வில் முறையீட்டைத் தாண்டி நேராக நம்பிக்கைக்குக் குதிப்பது. அப்படி எழுதிய நம்பிக்கை மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். மற்றது, முறையீட்டிலேயே பக்கம் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பது. அதற்குத்தான் அலாரம். ஏழாவது நிமிடம் ஆனதும் பாதியில் இருந்தாலும் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். நம்பிக்கைப் பகுதியில் சொந்தமாக எழுத மனம் ஒப்பவில்லை என்றால் பொய்யாக எழுத வேண்டாம். 13:5-ஐ அப்படியே பார்த்து எழுதுங்கள், அல்லது மாற்கு 9:24-இல் நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் கண்ணீரோடு சொன்னதை: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவன் அரைகுறையாக நம்பியதைச் சொன்ன பிறகும் இயேசு பிள்ளையைக் குணமாக்கினார். இரவு பதினொரு மணிக்கு மேல் நோட்டைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே இருக்கும் அளவைவிட இரண்டு மடங்கு கறுப்பாகத் தெரியும்.

மூன்றாம் வாரத்தில் 42, 43 இரண்டையும் ஒன்றாக வாசியுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற வரி மூன்று தடவை வரும். ஒரு தடவை சொன்னதும் கலக்கம் தீரவில்லை, மறுபடியும் முறையிடுகிறார், மறுபடியும் தன்னோடு தானே பேசுகிறார். பிறகு 77. அதன் 7 முதல் 9 வரையிலான வசனங்களில், "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்பது போன்ற கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. மிக மோசமான நாளுக்கென்று 88-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அது கடைசிவரை திரும்புவதே இல்லை. சிநேகிதனும் தோழனும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. ஆனாலும் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டவர், 9-ஆம் வசனத்தில் அநுதினமும் கூப்பிடுகிறேன் என்கிறார், 13-இல் காலையில் மறுபடி வருகிறேன் என்கிறார். பதில் வராமலேயே தினமும் வந்து நிற்பதும் விசுவாசம்தான். என்னைக் கேட்டால், வேதாகமம் காட்டும் மிகக் கடினமான விசுவாசமும் இதுதான்.

உணர்வு வறண்டுபோவதை விசுவாசம் போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு சான்று. அன்னை தெரசா 1997-இல் மறைந்தார். 2007-இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் தேவனுடைய அருகாமையை உணராமலே அவர் ஜெபித்ததும் உழைத்ததும் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வருடங்களிலும் அவர் காலை ஜெபத்துக்கு எழுந்தார், திருப்பலிக்குப் போனார்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலருடைய விசுவாசம் உடைவது இங்கேதான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் வந்த வாக்குத்தத்த வசன அட்டையை வருடம் முழுக்க ஒப்பந்தப் பத்திரம் போலப் பிடித்துக்கொள்கிறோம். நல்ல எதிர்காலத்தைத் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவர்களில் இருக்கிறது! அதற்கு நேர் முந்தின வசனம் "எழுபது வருஷம்" என்கிறது. அது, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம், வீட்டைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளையோடு. பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். வாக்குத்தத்தம் பொய்யாகிவிட்டது என்று நொறுங்குவதற்கு முன், அந்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். "தாங்க முடியாத அளவுக்குத் தேவன் தரமாட்டார்" என்று யாராவது 1 கொரிந்தியர் 10:13-ஐச் சொன்னால், அந்தப் பகுதி பாவத்தில் விழச்செய்யும் சோதனையைப் பற்றியது. அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8-இல், தன் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்து, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

உடம்பையும் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டான், தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் உபவாசத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பதில் தவறே இல்லை. தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, சாப்பாடு இறங்காமை இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. இன்னும் சேரவில்லை என்றால் மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் விசாரியுங்கள்.

சபைக்குப் போவதை முழுவதும் விட்டுவிடாதீர்கள், ஆனால் எல்லாவற்றிலும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. கடைசி வரிசையில் ஓரமாக உட்காருங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. உங்களுக்காகவும் கொஞ்ச காலம் வேறு யாராவது விசுவாசிக்கட்டும். அதற்கு ஒருவரோ இருவரோ போதும். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டால் ஐம்பது ஆமென் வரும், பத்து ஆலோசனை வரும், இரண்டு நாளில் உறவுக்காரர் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். வாயை அடக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம், "அக்கா, எனக்கு ஆலோசனை வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் என்கூட உட்காருங்கள். எனக்கு ஜெபிக்க வரவில்லை, நீங்கள் ஜெபியுங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் ராப்பகலாக வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

யோபுவின் நண்பர்கள் பிறகு பேசியதை இன்றும் சிலர் பேசுகிறார்கள்: வீட்டில் சாபம் இருக்கிறது, மறைந்த பாவம் இருக்கிறது, விசுவாசம் போதவில்லை. பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் இதையே கேட்டபோது இயேசு ஒத்துக்கொள்ளவில்லை (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்பதையும் மறுத்தார். பவுல் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார். யாருக்கு விசுவாசம் குறைந்தது? பெரிய காணிக்கைப் பொருத்தனை செய்தால் தடை உடையும் என்று யார் சொன்னாலும் கடன் வாங்கிப் பொருத்தனை செய்யாதீர்கள். நேர்ந்துகொண்டு செலுத்தாமல் இருப்பதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. "சுகம் கிடைத்துவிட்டது, டயாலிசிஸ் வேண்டாம்" என்று சொல்பவரின் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு தடவை தவறினால்கூட பொட்டாசியமும் நீரும் உடம்பில் ஏறி இதயத்துடிப்பையே கெடுத்துவிடலாம்.

கடைசியாக, முடிவுகள். வறட்சியான காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் எழுதிய விதி ஒன்று உண்டு. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் அது பொருந்தும். சபையை விட்டு விலகுவது, ஞாயிறுபள்ளி பொறுப்பைத் தூக்கிப் போடுவது, இனி தேவனே இல்லை என்று வீட்டில் அறிவிப்பது, எதுவாக இருந்தாலும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். நாளில் ஒரு சங்கீதம், ஒரு கர்த்தருடைய ஜெபம் என்ற அளவை மட்டும் குறைக்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: நீங்கள் போகும் இடம் பணம் கேட்டு நெருக்குகிறது, மருந்தை நிறுத்தச் சொல்கிறது, அப்பாவின் நோயைக் காட்டி எல்லார் முன்னிலும் உங்களை அவமானப்படுத்துகிறது என்றால் ஆறு மாதம் பொறுக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேறு சபைக்குப் போங்கள்.